கழித்துக் கட்டும் முன் ரேமைக் கணக்குப் பாருங்கள்

பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு 2025-ன் கடைசி மூன்று மாதங்களில் அடுத்தடுத்து இரண்டு அடி விழுந்தது. அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், அதற்குப் பெரும்பாலும் 2017-க்குப் பிறகு வந்த பிராசஸரும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஏராளமான கணினிகள் இந்த நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகின்றன. அதே மாதங்களில் ரேம் விலையும் தாறுமாறாக ஏறியது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு வேண்டிய உயர்ரக நினைவகத்தைச் செய்வதில் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று பெரிய உற்பத்தியாளர்களும் இறங்கிவிட்டதால், சாதாரணக் கணினிக்கான ரேம் சந்தையில் அரிதாகி, பல வகைகளின் விலை சில மாதங்களுக்குள் இரு மடங்கைத் தாண்டியது. டிசம்பரில், குருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு நேரடியாக ரேம் விற்றுவந்த தொழிலையே கைவிடுவதாக மைக்ரான் அறிவித்தது. பழையதைத் தூக்கிப் போடச் சொல்லும் நெருக்கடியும், புதியது வாங்கக் கூடுதல் காசு கேட்கும் நெருக்கடியும் ஒரே நேரத்தில் வந்து நிற்கின்றன.

இந்த நேரத்தில் வீடுகளிலும் பள்ளிகளிலும் அரசு அலுவலகங்களிலும் நடப்பது என்ன? சிஸ்டம் ஸ்லோவாகிவிட்டது, ஹேங் ஆகிறது, ரேம் பத்தவில்லை என்று ஒரு முடிவுக்கு வருகிறார்கள். கணினி மூலைக்குப் போகிறது, பிறகு காயலான் கடைக்குப் போகிறது. அதற்குள் இருக்கும் ரேம் முழுவதும் வேலைக்கு வந்ததா, எவ்வளவு வீணாகப் போனது என்று யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால், நினைவகப் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு யாரோ எடுத்த முடிவுகளால் வந்தது என்பது தெரியும். கணினியைச் செய்தவர், மென்பொருளை எழுதியவர், கடையில் அதைப் போட்டுக் கொடுத்தவர் ஆகியோர் எடுத்த முடிவுகள் அவை. அவற்றில் பலவற்றை ஒரு பைசா செலவில்லாமல் மாற்றிவிடலாம். ஆகவே அந்தச் சோதனையைச் செய்யாமல் எந்தக் கணினியையும் கழித்துக் கட்டக்கூடாது என்பதும், குறிப்பாகப் பொதுப் பணத்தில் வாங்கிய கணினிகளுக்கு இதை விதியாகவே ஆக்க வேண்டும் என்பதும் என் வாதம்.

முதலில் கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். விண்டோஸ் 10-ல் அமைப்புகளுக்குள் சென்று, சிஸ்டம் பற்றிய விவரப் பக்கத்தைத் திறந்தால், நிறுவப்பட்ட ரேம் எவ்வளவு என்று ஒரு வரி இருக்கும். பல கணினிகளில் அந்த வரியில் 8.00 ஜிபி என்று போட்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 5.88 ஜிபிதான் பயன்படுத்த முடியும் என்ற பொருளில் இன்னொரு எண்ணும் நிற்கும். காசு கொடுத்தது எட்டுக்கு, கையில் கிடைத்தது ஆறுக்கும் குறைவு. மீதி இரண்டு ஜிபி எங்கே போனது? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் திரைக்கான வேலைக்கும் அதே ரேமிலிருந்துதான் பங்கு எடுக்கப்படுகிறது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸ் என்ற அடிப்படை நிரலில் எழுதியிருக்கும். விளையாட்டு ஆடுபவரை மனதில் வைத்து 2 ஜிபி என்று போட்டிருப்பார்கள். கடிதம் அடிக்கவும் கணக்கு எழுதவும் வீடியோ பாடம் பார்க்கவும் 512 எம்பி தாராளமாகப் போதும். பயாஸில் அந்த ஒரு எண்ணை மாற்ற வழியிருந்தால், மாற்றிவிட்டுத் திரும்ப இயக்கியதும் ஒன்றரை ஜிபி வீடு வந்து சேரும். இதற்குத் திருப்புளிகூட வேண்டாம்.

சில கணினிகளில் காரணம் இதைவிட எளிது. இரண்டு ரேம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றைத்தான் மதர்போர்டு பார்த்திருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்திலும் தூசியிலும் ரேமின் தொடுமுனைகளில் படலம் படிந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, அந்தப் பொன்னிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்து, இரண்டு பக்கக் கொக்கியும் கிளிக்கென்று விழும்வரை அழுத்திப் பொருத்துவதை எந்த சர்வீஸ் கடையிலும் பார்க்கலாம். இன்னொரு இடத்தில், மென்பொருளே கட்டிப் போட்டிருக்கும். விண்டோஸின் எம்எஸ்கான்ஃபிக் கருவியில் அதிகபட்ச நினைவகம் என்றொரு கட்டம் உண்டு. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் டிக் அடித்து ஒரு எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். அந்தக் கட்டத்தால் நினைவகத்தைக் குறைக்கத்தான் முடியும், கூட்ட முடியாது. சோதனைக்காக வைத்த வசதி அது. டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

அடுத்தது, 4 ஜிபி போட்டும் 3.2 அல்லது 3.5 ஜிபி மட்டும் காட்டும் கணினிகள். நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு முகவரி உண்டு. 32 பிட் அமைப்பில் மொத்தம் 429 கோடியே 49 லட்சத்துச் சொச்சம் முகவரிகள்தான், அதாவது 4 ஜிபி. ஆனால் கிராபிக்ஸ், நெட்வொர்க் போன்ற பாகங்களுக்கும் அதே வரிசையிலிருந்து முகவரி ஒதுக்க வேண்டும். தெருவில் கதவு எண்கள் தீர்ந்துபோனால், கட்டி முடித்த வீட்டுக்கும் தபால் வராது. அதுபோல ரேம் இருந்தும் முகவரி இல்லாமல் அரை ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கும். இதில் கவனிக்க வேண்டியது, இந்தத் தடையின் ஒரு பகுதி பொறியியல் தடையே இல்லை. இன்டெல் 1995-ல் பென்டியம் ப்ரோவில் கொண்டுவந்த பிஏஇ என்ற வசதியால், 32 பிட் பிராசஸரே 64 ஜிபி வரை எட்ட முடியும். லினக்ஸ் அதைப் பயன்படுத்திக்கொண்டது. வீட்டுக் கணினிகளுக்கான 32 பிட் விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் 4 ஜிபியோடு நிறுத்தியது. மலிவு நெட்புக்குகளுக்கென்று வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பிலோ 2 ஜிபிதான் உச்சவரம்பு. நீங்கள் எத்தனை ரேம் வாங்கிப் போட்டாலும் அதற்கு மேல் அது எடுத்துக்கொள்ளாது. பற்றாக்குறையை உரிமத்தில் எழுதிவைத்த கதை இது. 2006-க்குப் பின் வந்த பெரும்பாலான மேசைக் கணினிகளின் பிராசஸர்கள் 64 பிட் திறன் உள்ளவை. அவற்றில் பலவற்றில் 32 பிட் விண்டோஸையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். 4 ஜிபி இருக்கும் கணினியில் 64 பிட் அமைப்பைப் போட்டால், மதர்போர்டும் இடம் கொடுக்கும்பட்சத்தில், தூங்கிக் கிடந்த பகுதி எழுந்துவிடும். 2 ஜிபி மட்டுமே இருந்தால் மாற்றாமல் இருப்பதே நல்லது. 64 பிட்டில் நிரல்கள் சற்றுக் கூடுதல் இடம் கேட்கும்.

கணினி வரலாற்றில் இது புதிய பிரச்சினையும் இல்லை. 1981-ல் ஐபிஎம் வெளியிட்ட முதல் பர்சனல் கம்ப்யூட்டரின் பிராசஸர் ஒரு எம்பி வரைதான் எட்டும். அதில் 384 கேபியைத் திரைக்கும் நிரந்தர நிரல்களுக்கும் ஒதுக்கிவிட்டு, பயனாளிக்கு 640 கேபி என்று கோடு போட்டார்கள். பத்தாண்டுகள் கழித்து 4 எம்பி ரேம் போட்ட கணினிகள் வந்த பிறகும், டாஸ் என்ற அன்றைய இயங்குதளத்தின் நிரல்கள் அந்த 640 கேபிக்குள்ளேயே முட்டிமோதிக்கொண்டிருந்தன. ரேம் இருந்தது, எடுக்க முடியவில்லை. 1991-ல் வந்த எம்எஸ் டாஸ் 5.0, டாஸின் பெரும்பகுதியையே அந்தக் கோட்டுக்கு அப்பால் தூக்கி வைக்க வழி செய்தது. கான்ஃபிக் டாட் சிஸ் கோப்பில் இரண்டு மூன்று வரி சேர்த்தால் பல பத்து கேபி மிச்சமாகும். 1993-ல் வந்த 6.0 பதிப்பில் மெம்மேக்கர் என்ற கருவி இதைத் தானாகவே செய்தது. குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் க்யூஇஎம்எம் என்ற மென்பொருள் இதையே தொழிலாகக் கொண்டிருந்தது. ஓடாமல் நின்ற நிரல்கள் ஒரு சில்லும் வாங்காமல் ஓடின. அன்று அந்தச் சில வரிகளைத் தெரிந்துவைத்திருந்தவர்கள் தங்கள் கணினியின் ஆயுளைச் சில ஆண்டுகள் நீட்டித்தார்கள்.

இந்த இடத்தில் எதிர்க்கேள்வி வரும். மென்பொருளால் நினைவகத்தைக் கூட்டலாம் என்பதெல்லாம் ஏமாற்று வேலை இல்லையா என்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1995-ல் ரேம் விலை ஒரு எம்பிக்கு 30 டாலருக்கு மேல் இருந்தபோது, சாஃப்ட்ரேம்95 என்ற மென்பொருள் அமெரிக்காவில் அமோகமாக விற்றது. நினைவகத்தை இரண்டு மடங்காக்கும் என்றது விளம்பரம். நிரல்களைப் பிரித்து ஆராய்ந்தவர்கள், தரவைச் சுருக்குவதாகச் சொன்ன பகுதி எதையும் சுருக்கவேயில்லை என்று கண்டுபிடித்தார்கள். மார்க் ருசினோவிச் அவர்களில் ஒருவர். அமெரிக்க வர்த்தக ஆணையமும் தலையிட்டது, நிறுவனம் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றைக்கும் இந்த வகையறா ஒழியவில்லை. ரேமைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் பல செயலிகள், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் தரவை வலுக்கட்டாயமாக வட்டுக்குத் தள்ளிவிட்டு, காலியிடம் கூடிவிட்டதாக எண்ணைக் காட்டும். அடுத்த நிமிடம் அந்தத் தரவு திரும்பத் தேவைப்படும்போது கணினி முன்னைவிட மெதுவாகும். காலி ரேம் கூடுதலாக இருப்பதே நல்லது என்ற எண்ணமும் தவறு. நவீன அமைப்புகள் மிச்ச ரேமில் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை வைத்துக்கொள்கின்றன, கேட்டதும் விட்டுக்கொடுத்துவிடுகின்றன. பென் டிரைவைச் சொருகினால் ரேம் கூடும் என்று விஸ்டா காலத்தில் பரவிய நம்பிக்கையும் அரைகுறைப் புரிதல்தான். ரெடிபூஸ்ட் என்ற அந்த வசதி வட்டுக்கு ஒரு தற்காலிகச் சேமிப்பு, ரேமின் இடத்தை அது பிடிப்பதில்லை. இன்றைய கைபேசி விளம்பரங்களில் 8+8 ஜிபி என்று வருவதில் இரண்டாவது எட்டும் சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கியதே.

ஆனால் சாஃப்ட்ரேம் பொய்யாகச் சொன்னதை மற்றவர்கள் உண்மையாகவே செய்துகாட்டிவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ரேமில் இருக்கும் தரவில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வருவது, வெறும் பூஜ்யங்களாக இருப்பது, எழுத்தாக இருப்பது. சிறிது நேரமாகத் தொடப்படாத பக்கங்களை வட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக, சுருக்கி ரேமிலேயே ஒரு மூலையில் வைத்தால், வழக்கமாக அவை பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறைந்துவிடும். லினக்ஸில் இதைச் செய்யும் இசட்ரேம், 2014-ல் வந்த 3.14 பதிப்பு முதல் கர்னலின் முறையான பகுதியாக இருக்கிறது. ஃபெடோரா 2020 முதல் இதைத் தானாகவே இயக்கித் தருகிறது. குரோம்புக்குகளும் ஆண்ட்ராய்டு கைபேசிகளும் இதை நம்பித்தான் குறைந்த ரேமில் ஓடுகின்றன. ஆப்பிள் 2013-ல் தன் மேக் கணினிகளுக்கும், மைக்ரோசாஃப்ட் 2015-ல் விண்டோஸ் 10-க்கும் இதே உத்தியைக் கொண்டுவந்தன. 4 ஜிபி கணினியில் 2 ஜிபி தரவு இப்படிச் சுருங்கி ஒரு ஜிபியில் அடங்கினால், கையில் 5 ஜிபி இருப்பதுபோல வேலை நடக்கும். மாயமில்லை, இலவசமும் இல்லை. சுருக்கவும் விரிக்கவும் பிராசஸர் உழைக்க வேண்டும். ஏற்கெனவே சுருங்கிய படங்களும் வீடியோவும் இதற்கு மேல் சுருங்காது. ஆனால் வட்டுக்குப் போய்வரும் நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த உழைப்பு ஒன்றுமேயில்லை.

எவ்வளவு ஒன்றுமில்லை என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம், ஏனென்றால் பழைய கணினி ஹேங் ஆவதன் ரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, ஊசி நகர்ந்து நிற்க இன்னும் எட்டொன்பது மில்லி விநாடி. ஆக விநாடிக்கு எண்பது இடங்களைத்தான் தொட முடியும். நினைவகப் பக்கம் ஒன்று 4 கேபி. வட்டில் சிதறிக் கிடக்கும் 100 எம்பியை இப்படிப் பொறுக்கி எடுத்தால் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அந்த ஐந்து நிமிடம்தான் சுட்டி அசையாமல் நிற்பது, டிஸ்க் கடகடவென்று சத்தம் போடுவது, பிள்ளை எழுந்து போய்விடுவது எல்லாம். அதே வேலையை ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இரண்டு மூன்று விநாடியில் முடித்துவிடும். எஸ்எஸ்டி போட்டால் ரேம் ஒரு எம்பி கூடக் கூடாதுதான். ஆனால் ரேம் நிரம்பிய பிறகு வரும் தண்டனை நூறில் ஒரு பங்காகக் குறைகிறது. 4 ஜிபி கணினி ஒன்றுக்குச் செலவு செய்ய ஒரே ஒரு வாய்ப்பு இருந்தால், ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதைத்தான் நான் முதலில் சொல்வேன். ஒரு ஸ்லாட் காலியாக இருந்தால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கழற்றி விற்கும் டிடிஆர்3 ரேம் ஒன்றைத் தேடிப் போடுவது அடுத்தது.

இனி மென்பொருளின் பசி. விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2001-ல் மைக்ரோசாஃப்ட் கேட்ட குறைந்தபட்ச ரேம் 64 எம்பி. 2021-ல் விண்டோஸ் 11-க்குக் கேட்டது 4 ஜிபி. இருபது ஆண்டில் 64 மடங்கு. ஒரு கிராம நிர்வாக அலுவலகத்திலோ பள்ளியிலோ செய்யும் எழுத்து வேலை அத்தனை மடங்கு கூடிவிடவில்லை. பாஸ்கல் மொழியை உருவாக்கிய நிக்லாஸ் விர்த் 1995-லேயே இதைப் பற்றி எழுதினார். கருவி வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்பது அவருடைய கவலை. ஆனால் கூடிய ரேம் அத்தனையும் வீண் என்று சொல்லவும் மாட்டேன். குரோம் பிரவுசர் 2018-ல், ஒரு தளத்தின் நிரல் இன்னொரு தளத்தின் ரகசியத்தைத் திருடாமலிருக்க ஒவ்வொரு தளத்தையும் தனித்தனியாகப் பிரித்து ஓட்டத் தொடங்கியது. அதனால் ரேம் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே சொன்னது. வங்கிக் கணக்கைக் காக்கும் அந்தச் செலவு நியாயமானது. கணினியைத் திறந்தவுடன் கேட்காமலே எழுந்து நிற்கும் ஐந்தாறு செயலிகள், ஒவ்வொன்றும் தனக்கென ஒரு முழு பிரவுசரைச் சுமந்துவரும் அரட்டைச் செயலிகள், இரண்டு ஆன்டிவைரஸ்கள், என்றைக்கோ திறந்து மூடாத முப்பது டேப்கள் ஆகியவற்றுக்கு அந்த நியாயம் கிடையாது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து தொடக்கப் பட்டியலில் தேவையற்றதை நிறுத்துவதும், பயன்படுத்தாத டேப்களை உறங்கவைக்கும் பிரவுசர் வசதியை இயக்குவதும் பத்து நிமிட வேலை. அதையும் தாண்டி மிச்சம் வேண்டுமென்றால் லுபுண்டு, லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போன்ற எடை குறைந்த அமைப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. விண்டோஸ் 11 ஏற்க மறுத்த கணினிக்கு இவை பாதுகாப்புப் புதுப்பிப்பையும் சேர்த்தே தருகின்றன.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பேச்சில் தனி அக்கறை இருக்க வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர்கள் கைக்குப் போயின. இந்தியாவில் எந்த மாநிலமும் எளிதில் எட்ட முடியாத எண்ணிக்கை அது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்தவற்றில் பல 2 ஜிபி ரேம் கொண்டவை. மத்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அந்தத் திட்டத்தின் மடிக்கணினிகளில் இடம்பெற்றது. அதற்கும் முன்பே, 2000-களின் பிற்பகுதியில், தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகங்களை லினக்ஸுக்கு மாற்றும் முயற்சியில் இறங்கியது. நல்ல தொடக்கங்கள், தொடர்ச்சி இல்லை. மாணவருக்கு அதில் பாடம் இல்லை, ஆசிரியருக்குப் பழக்கம் இல்லை, பழுது பார்ப்பவர் முதல் வேலையாக அதை அழித்தார். அண்டை மாநிலமான கேரளம் வேறு வழியில் போனது. அங்கே அரசின் கைட் நிறுவனம் பள்ளிகளுக்கென்றே உபுண்டுவை அடிப்படையாக வைத்து ஓர் அமைப்பைத் தயாரித்து, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் ஓட்டுகிறது. பாடநூலும் ஆசிரியர் பயிற்சியும் செய்முறைத் தேர்வும் அதையே அடிப்படையாகக் கொண்டவை. பழக்கம் இல்லாததால் முடியாது என்பவர்களுக்கு அந்த மாநிலத்தின் பத்தாம் வகுப்பு மாணவர்களே பதில்.

எழக்கூடிய எதிர்ப்புகளில் என்னை அதிகம் யோசிக்கவைப்பது இதுதான்: வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் புதுக் கணினி, ஏழைப் பிள்ளைக்கு மட்டும் ஒட்டுப்போட்ட பழசா? சமூகநீதி பேசும் மண்ணில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குப் புதிய கருவிகள் தருவதாக அரசு அறிவித்தது சரியான முடிவு. பழையதைச் சீர்செய்வது அதற்கு மாற்றாக இருக்க முடியாது, கூடுதலாக இருக்க வேண்டும். ஒரு வீட்டில் அக்காவுக்குப் புதியது வரும்போது, ஏழாம் வகுப்பில் படிக்கும் தம்பிக்கு எதுவும் வருவதில்லை. அண்ணன் 2014-ல் வாங்கிவந்து, இப்போது பரணில் கிடக்கும் மடிக்கணினியில் தட்டச்சும் ஸ்கிராட்சும் பைத்தானும் பழக முடியும். அது ஓடாமல் கிடப்பதால் ஏழைக்கு என்ன கண்ணியம் கூடுகிறது?

இன்னொரு கேள்வி பாதுகாப்பு பற்றியது. ஆதரவு முடிந்த விண்டோஸில் இணையத்தில் உலாவுவது ஆபத்து என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வங்கி வேலையை அதில் செய்யவே கூடாது. விண்டோஸ் 10-க்குத் தனிநபர்கள் பதிவு செய்து பெறும் நீட்டிப்பும் 2026 அக்டோபரோடு முடிகிறது. ஆனால் ஆபத்து அந்த மென்பொருளில் இருக்கிறது, இரும்பில் இல்லை. மாற்ற வேண்டியது மென்பொருளை. மாற்ற முடியாதவர்களும் உண்டு. டேலியை நம்பி நடக்கும் கடைகளும், பழைய பேஜ்மேக்கரிலும் யூனிகோட் அல்லாத தமிழ் எழுத்துருக்களிலும் அழைப்பிதழ் அடிக்கும் டிடிபி மையங்களும் விண்டோஸை விட்டு வெளியே வருவது கடினம். அவர்கள் அந்தக் கணினியை இணையத்திலிருந்து துண்டித்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். மற்றபடி தமிழ்99 தட்டச்சு, யூனிகோட் எழுத்துருக்கள், லிப்ரே ஆபிஸ் எல்லாம் லினக்ஸில் தடையின்றி ஓடுகின்றன. பழைய மேசைக் கணினி மின்சாரம் அதிகம் தின்னும் என்பதும் உண்மை. நாள் முழுதும் ஓடும் அலுவலகத்தில் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும், மாலையில் இரண்டு மணி நேரம் ஓடும் வீட்டில் அது பெரிதல்ல. ஒரு மடிக்கணினி தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம மாசில் பெரும்பகுதி அது தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 2022-ல் உலகம் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவைக் கொட்டியது என்றும், அதில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் ஐநா அறிக்கை சொல்கிறது. மீதியில் ஒரு பகுதி நம் ஊர்ப் பின்தெருக்களில், கையுறை இல்லாத கைகளில் உடைபடுகிறது.

எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒரு ஜிபிக்கு மேல் ஏற்காத, 32 பிட் மட்டுமே தெரிந்த கணினிகளின் காலம் முடிகிறது. டெபியன் லினக்ஸே 2025-ல் வந்த தன் 13-ம் பதிப்பில் அத்தகைய கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. பேட்டரி உப்பிய மடிக்கணினியை வைத்துக்கொண்டு சேமிப்பு பேசக்கூடாது, அதை உடனே அப்புறப்படுத்த வேண்டும். ரேமை மதர்போர்டிலேயே சேர்த்துப் பற்றவைத்துவிட்ட 2 ஜிபி கருவிகளில் இசட்ரேம் கொஞ்சம் உதவும், அதற்கு மேல் வழியில்லை. ஆனால் 64 பிட் பிராசஸரும் 4 ஜிபியும் உள்ள எந்தக் கணினியையும் சோதிக்காமல் குப்பை என்று எழுதுவது பொதுச் சொத்தை வீணடிப்பதுதான்.

அரசு அலுவலகங்களில் கணினியைக் கண்டம் செய்ய இத்தனை ஆண்டு ஆகிவிட்டது என்ற வயதுக் கணக்கே பெரிதாகப் பார்க்கப்படுகிறது. அந்தக் கோப்பில் ஒரு பக்கத்தைச் சேர்க்க வேண்டும். நிறுவிய ரேம் எவ்வளவு, பயன்படும் ரேம் எவ்வளவு, காலி ஸ்லாட் உண்டா, வட்டு எந்த வகை, 64 பிட்டா, எடை குறைந்த அமைப்பைப் போட்டுப் பார்த்தார்களா என்பவை அதில் இருக்க வேண்டும். ஒரு கணினிக்கு அரை மணி நேரம் பிடிக்கும். இந்த வேலையைச் செய்யப் பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐகளிலும் வன்பொருள் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இதைவிட நல்ல செய்முறைப் பயிற்சியும் கிடையாது. தேறிய கணினிகள் ஊர்ப்புற நூலகங்களுக்கும் தொடக்கப் பள்ளிகளுக்கும் போகட்டும். புதிதாக வாங்கும் ஒவ்வொரு ஒப்பந்தப் புள்ளியிலும், ரேம் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இடம்பெறட்டும். தகவல் தொழில்நுட்பத் துறையும் பள்ளிக் கல்வித் துறையும் சேர்ந்து வரும் கல்வியாண்டிலேயே ஒரு மாவட்டத்தில் இதைத் தொடங்கி, எத்தனை கணினிகள் மீண்டன என்ற கணக்கை மக்கள் முன் வைக்க வேண்டும்.